சந்தேகத்திலும் துன்பத்திலும் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய சபையில் பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு நடத்திவருகிறேன். வகுப்பு நடக்கும்போது யாரும் கேட்காத கேள்விகளை, முடிந்தபின் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வசனங்கள் சீர்திருத்த சபைகளில் வழக்கமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

சந்தேகம் வந்துவிட்டால் நான் விசுவாசியே அல்ல என்று ஆகிவிடுமா?

ஆகாது. இந்த அச்சத்திற்குப் பாதிக் காரணம், "விசுவாசம்" என்ற சொல்லை நாம் சபைக்குள் பயன்படுத்தும் விதம்தான். சபைக்கு வெளியே தமிழர்கள் இந்தச் சொல்லை எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். சோறு போட்ட வீட்டை விட்டுப் போகாத நாயை விசுவாசமுள்ள நாய் என்கிறோம். முதலாளி நொடித்துப்போன பிறகும் கூடவே இருக்கும் வேலையாளை விசுவாசமானவர் என்கிறோம். அங்கே யாரும் அந்த வேலையாளின் மனத்தில் ஐயம் எழுந்ததா இல்லையா என்று விசாரிப்பதில்லை. அவர் விட்டுப் போனாரா இல்லையா என்பதே கேள்வி. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான "பிஸ்டிஸ்" என்பதற்கும் நம்புதல், உண்மையாய் நிலைத்திருத்தல் என்னும் இரு பொருளும் உண்டு.

எபிரேய மொழியின் "எமூனா" இன்னும் அழகானது. "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற ஆபகூக் 2:4 வசனத்தில் வரும் அதே சொல், யாத்திராகமம் 17:12இல், போர் நடக்கையில் மோசே உயர்த்திப் பிடித்திருந்த கைகளைக் குறித்து வருகிறது: "அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது." அந்தக் கைகள் தாமாக நிலையாயிருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அவை அசந்துபோயின, ஆரோனும் ஊர் என்பவனும் இரு பக்கமும் நின்று தாங்கினார்கள்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே கூப்பிட்டான். அவன் சொன்னதில் இரண்டு பாதியும் உண்மை. இயேசு அவனைத் திருப்பி அனுப்பி, சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை, பையனைக் குணமாக்கினார். உயிர்த்தெழுந்தவரை மலையின்மேல் நேரில் கண்ட சீஷர்களைப் பற்றியும் மத்தேயு, "அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார் (28:17). அந்தச் சிலரும் சேர்ந்துதான் உலகமெங்கும் அனுப்பப்பட்டார்கள்.

அப்படியானால் யாக்கோபு 1:6 சந்தேகப்படுகிறவனைக் கடலின் அலைக்கு ஒப்பிடுகிறதே?

அந்த வசனத்தை அதற்கு முந்தைய வசனத்தோடு படிக்கவேண்டும். அங்கே பேசப்படுவது வேலையோ சுகமோ திருமணமோ அல்ல. ஞானத்தைக் கேட்பதுபற்றியே யாக்கோபு பேசுகிறார். சோதனையின் நடுவே எப்படி நடப்பது என்று கடவுளிடம் வழி கேட்டுவிட்டு, அவர் காட்டும் வழியில் நடக்க மனமில்லாமல் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறவனையே எட்டாம் வசனம் "இருமனமுள்ளவன்" என்கிறது. நள்ளிரவில் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நீர் இருக்கிறீரா?" என்று கேட்கும் தாய்க்கு எதிராக இந்த வசனத்தை எடுத்து வீசுவது தவறான வாசிப்பு.

தோமாவை ஏன் எல்லாரும் சந்தேகக்காரன் என்கிறார்கள்?

ஒரு வாரத்துப் பேச்சை வைத்து ஒரு மனிதனுக்குப் பெயர் சூட்டிவிட்டோம். பெத்தானியாவுக்குப் போனால் கல்லெறிந்து கொல்வார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று சொன்னவன் இதே தோமாதான் (யோவான் 11:16). அதற்கு யாரும் அவனைத் துணிச்சல்காரத் தோமா என்று அழைப்பதில்லை.

யோவான் 20இல் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு வாக்கியம். உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னதைத் தோமா ஏற்க மறுத்த பிறகு, எட்டு நாள் கழித்து, "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்று எழுதியிருக்கிறது. அந்த எட்டு நாளும் அந்த வீட்டில் எப்படிப் பேச்சு நடந்திருக்கும்! ஒருபுறம் மகிழ்ச்சியில் மிதக்கும் பத்துப் பேர். மறுபுறம் நம்ப முடியாத ஒருவன். அவர்கள் அவனை வெளியே தள்ளவுமில்லை, அவன் கோபித்துக்கொண்டு போகவுமில்லை. அதனால்தான் ஆண்டவர் வந்தபோது அவன் அங்கே இருந்தான். வந்தவரும் அவன் கேட்டிருந்த காயங்களையே முதலில் அவனுக்குக் காட்டினார்.

சென்னையில் பரங்கிமலை ஏறியவர்களுக்கு மரபுவழிச் செய்தி தெரிந்திருக்கும்: தோமா இந்தியாவுக்கு வந்து, அந்த மலையருகே கி.பி. 72இல் இரத்தசாட்சியாக மரித்தார், சாந்தோமில் அடக்கம்பண்ணப்பட்டார் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை எப்படி எடைபோட்டாலும், தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரைத்தான் நம் கிறிஸ்தவர்கள் தங்கள் மூதாதை அப்போஸ்தலராகப் போற்றிவருகிறார்கள்.

கடவுளிடம் கோபப்பட்டு ஜெபிக்கலாமா? அது பாவம் இல்லையா?

சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை இயேசுவே சிலுவையில் தம் வாயால் சொன்னார். நம் ஆராதனைகளில் ஸ்தோத்திரப் பாடல்கள் நிறைய உண்டு. புலம்பல் பாடல்கள் லெந்து (தவக்கால) நாட்களோடு முடிந்துவிடுகின்றன. அதனால் துக்கத்தோடு வரும் ஒருவருக்கு, தன் மொழி ஆலயத்துக்குள் செல்லாது என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. இது நம் வழிபாட்டில் உள்ள குறை என்றே நான் நினைக்கிறேன்.

பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் இறுதியில் நம்பிக்கையின் பக்கம் திரும்பும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. பதினெட்டு வசனமும் இருள். கடைசி வசனமும், சிநேகிதர்கள் விலக்கப்பட்டார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலான ஒரு வரியைக் கடைசியில் ஒட்டவைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆனால் அந்தப் பாடலின் முதல் வசனம், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றே கூப்பிடுகிறது. இருளைப் பற்றிய முறையீடு முழுவதும் அவரிடமே செய்யப்படுகிறது.

யோபுவின் முடிவையும் பாருங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபு தன் பிறந்த நாளைச் சபித்தான். கடவுளை வழக்குக்கு இழுத்தான். அவன் நண்பர்களோ கடவுளுக்காக வக்காலத்து வாங்கி, ஒழுங்கான இறையியல் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார் (42:7). கடவுளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். கடவுளிடமே பேசியவனை அவர் தம் தாசன் என்றார். அவனையும் பெருங்காற்றிலிருந்து நான்கு அதிகாரங்களாகக் கேள்விமேல் கேள்வி கேட்டுக் கண்டித்தார் என்பது உண்மைதான். ஆயினும் அவனுக்குப் பதில் சொல்ல வந்தார்.

எங்களுக்கு வந்த துன்பம், எங்கள் பாவத்தினாலோ முன்னோரின் சாபத்தினாலோ வந்ததா?

நம் ஊரில் முன்வினை என்ற பேச்சு காற்றிலேயே கலந்திருப்பதால், அதே எண்ணம் "தலைமுறைச் சாபம்" என்ற பெயரில் சபைக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடுகிறது. பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கப்படும் என்னும் யாத்திராகமம் 20:5ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் எசேக்கியேல் 18ஐ வாசிப்பதில்லை. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்ற பழமொழி இனி வழங்காது என்று கர்த்தர் அந்த அதிகாரத்தில் சொல்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). அதைச் சொன்ன கையோடு, உயிரோடிருப்பவர்கள் மனந்திரும்பவேண்டும் என்றும் சொன்னார். செத்தவர்களைக் கணக்குப் பார்ப்பதை விட்டு உங்கள் கணக்கைப் பாருங்கள் என்பதே அதன் பொருள்.

குடித்துக் கெட்ட கல்லீரலுக்கும் குடித்த பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு வந்த புற்றுநோய்க்குத் தாத்தா செய்த பொருத்தனையைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சாபத்தை முறிக்கத் தனிக் காணிக்கை கேட்கிறவர் எவராக இருந்தாலும், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

மற்றவர்கள் ஜெபித்தால் அற்புதம் நடக்கிறது. எங்களுக்கு ஏன் நடக்கவில்லை?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. இதற்கு முழுமையான பதில் யாரிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்பவரைச் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் நிறைந்திருந்தார்கள். கடல் வந்தது. பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்ததை அன்னையின் புதுமை (அற்புதம்) என்று பலர் சாட்சி சொன்னார்கள். அதே காலையில், அதே ஆலயத்துக்கு வந்து கடற்கரையில் நின்றவர்கள் ஏராளமாக இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் உயிரிழந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். தப்பியவரின் நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது உண்மையான நன்றி. ஆனால் அந்தச் சாட்சியை மேடையில் சொல்லும்போது, கரையில் பிள்ளையை இழந்த தாயும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு இருக்கவேண்டும். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போயிற்று?

வேதம் இந்த முரணை மூடிமறைப்பதில்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான்; அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் முதல்நாளிலிருந்தே சீஷர்கள். பேதுரு வந்து கதவைத் தட்டிய அந்த ஜெபவீட்டில் யாக்கோபின் தாயும் இருந்திருந்தால், அவள் எப்படிப்பட்ட மனத்தோடு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எபிரெயர் 11 இன்னும் வெளிப்படையானது: விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள் என்று 34ஆம் வசனமும், அதே விசுவாசமுள்ள வேறு சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று 37ஆம் வசனமும் சொல்கின்றன. தப்பியவர்களுக்கு விசுவாசம் அதிகம், மரித்தவர்களுக்குக் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகவே "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்ற விளக்கம் வேதத்தின்படியே நிற்காது. என் மனைவி படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜெபித்து முடித்துவிட்டு, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அவள் நெடுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி இயேசு மூன்றுதரம் ஒரே வேண்டுதலைச் செய்தார், அது நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினான். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே. இவர்களுக்கும் விசுவாசக் குறைவா?

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள் (தானியேல் 3). அந்த இரண்டாம் வார்த்தை முதல் வார்த்தையைப் பலவீனப்படுத்தவில்லை.

இந்த ஆண்டுக்கு எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் நிறைவேறவில்லையே?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (வரும் ஆண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட அட்டை) எடுப்பது நம் சபைகளில் ஊறிப்போன வழக்கம். நானும் எடுக்கிறேன், வீட்டில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைக்கிறேன். அந்த வசனம் ஆண்டு முழுவதும் தியானிக்கத் துணையாக இருந்தால் நல்லது. அதை நம் பெயருக்கு எழுதித்தரப்பட்ட பத்திரமாக எண்ணி, டிசம்பரில் பாக்கியை வசூலிக்க நினைக்கும்போதுதான் சிக்கல்.

அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைக் காணவே இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே. பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சிட்டால் அந்த அட்டையை எத்தனை பேர் விரும்பி எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

கடவுளைச் சார்ந்திருப்பது என்றால் மருந்தும் மருத்துவரும் வேண்டாம் என்பதா? மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது அவிசுவாசமா?

இல்லை. பவுலின் பயணத் துணைவர்களில் ஒருவர் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா". பல வியாதியஸ்தரைக் குணமாக்கிய அதே பவுல், தன் உடன்பயணி துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததை ஒரே வரியில், எந்த விளக்கமும் இல்லாமல் எழுதுகிறான் (2 தீமோத்தேயு 4:20). திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். அவர் ஜெபத்தைக் கைவிட்டு மருத்துவத்துக்குப் போகவில்லை. அந்த இரவு முழுவதும் ஜெபித்ததன் விளைவாகத்தான் போனார்.

மனச்சோர்வும் உடலைச் சார்ந்த நோயே. எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ சாகவேண்டும் என்ற எண்ணம் வருமானால், உபவாச ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஜெபிக்கவே முடியவில்லை. வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. மாற்கு 2இல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. தூக்கி வந்தவர்களின் விசுவாசமும் அவன் கணக்கில் சேர்ந்தது. எனவே நம்பிக்கையான இரண்டு பேரிடம், என்னால் ஜெபிக்க முடியவில்லை, நீங்கள் எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவையுங்கள்.

இந்த வறட்சி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அன்னை தெரசா 1997இல் மறைந்து பத்தாண்டுக்குப் பின் வெளியான அவருடைய கடிதங்கள், கடவுளின் பிரசன்னத்தை உணராத இருளில் அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இருந்ததைக் காட்டின. படித்துவிட்டு, அவர் வேஷம் போட்டார் என்றார்கள் சிலர். ஒன்றும் உணராமலே ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஜெபத்துக்கு எழுந்து, பிறகு தெருவுக்குப் போய்ச் சாகக் கிடப்பவர்களைத் தூக்குவதை அத்தனை ஆண்டுகள் வேஷமாகச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா, ஆனதோத்திலிருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினான் (எரேமியா 32). எதிரியின் கைக்குப் போகப்போகிற ஊரில் நிலம் வாங்குகிறவனைப் பார்த்து, புத்தி கெட்டவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவனோ சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, பத்திரங்களை மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னான். அந்த நாளின் செய்தியை அவன் மறுக்கவில்லை. நகரம் விழும் என்று சொல்லிவந்தவனே அவன்தான். எல்லாம் முடிந்தபின், "ஆ, கர்த்தராகிய ஆண்டவரே" என்று தொடங்கி, இதை ஏன் வாங்கச் சொன்னீர் என்ற தொனியில் ஜெபமும் செய்தான். பணத்தைக் கொடுத்த பிறகுதான் கேள்வி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

துக்க வீட்டில் என்ன சொல்லவேண்டும்?

கூடுமானவரை ஒன்றும் சொல்லாதீர்கள். "எல்லாம் நன்மைக்கே" என்பது ரோமர் 8:28இன் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்த வசனத்தைத் துக்கப்படுகிறவர் தாமே சொல்லலாம், நீங்கள் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாதிருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. சோறு கொண்டுபோங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகும், எல்லாரும் வருவதை நிறுத்திய பிறகும் போங்கள்.

எந்த வேதபகுதியிலிருந்து தொடங்கலாம்?

13ஆம் சங்கீதத்திலிருந்து. ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று நான்குமுறை வரும். முடிந்தால் உரக்க வாசியுங்கள். கடைசி இரண்டு வசனங்கள் இன்று உங்கள் வாயில் வரவில்லையானால், முதல் நான்கோடு நிறுத்திவிட்டு, நாளைக்கு அதே இடத்திலிருந்து வாசியுங்கள்.